வெப்பத்திற்கு ஓர் ஏற்றம்

தோற்றுவாய்

சிங்கப்பூர்த் தீவின் வட கோடியில், ஜொகூர் நீரிணையை நோக்கி அமைந்திருப்பது மார்சிலிங். 1924ஆம் ஆண்டில் முறைப்படித் திறந்துவைக்கப்பட்ட கடற்பாலம் இதற்கு அண்மையிலேயே தொடங்கி அக்கரையிலுள்ள ஜொகூர் பாருவைச் சென்றடைகிறது. 1970களில் இவ்வட்டாரத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகள் எழுந்தன. 1996ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பெருவிரைவு ரயில் நிலையமும் வந்து சேர்ந்தது. இன்று பல்லினக் குடும்பங்களோடு தமிழ்க் குடும்பங்களும் கலந்து வாழும் பேட்டை இது.

அம்மாடிகளின் புறச்சுவர்களை அண்ணாந்து நோக்குவார் கண்ணில் முதலிற்படுவன துணி உலர்த்தும் கம்புகள்; அடுத்துப் படுவன குளிர்சாதனங்களின் வெளிப்பெட்டிகள். அப்பெட்டியின் முன் கையை நீட்டினால் அனற்காற்று வீசும். அதே வேளையில், அதே வீட்டின் குளியலறையில், சுவரில் மாட்டிய சிறு வெண்பெட்டி ஒன்று மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைச் சூடாக்கிக் கொண்டிருக்கும். சுவருக்கு அப்பால் வெப்பத்தைத் தள்ளுவதற்கு ஒரு செலவு. சுவருக்கு இப்பால் வெப்பத்தை உண்டாக்குவதற்கு மற்றொரு செலவு. ஒரு வீட்டார் ஒரே நேரத்தில் இரண்டையும் செய்கின்றனர்.

இது சிறு செலவன்று. 2017ஆம் ஆண்டில் தேசியச் சுற்றுப்புற வாரியம் மேற்கொண்ட ஆய்வின்படி, சிங்கப்பூர் வீடுகள் பயன்படுத்தும் மின்சாரத்தில் குளிர்சாதனத்திற்கு 24 விழுக்காடும், குளிர்பதனப் பெட்டிக்கு 17 விழுக்காடும், தண்ணீர்ச் சூடேற்றிக்கு 11 விழுக்காடும் செல்கின்றன. வீட்டு மின்சாரத்தின் சரிபாதிக்கு மேற்பட்ட பகுதி வெப்பத்தை நீக்குவதிலோ ஆக்குவதிலோ கழிகிறது என்பது இதனாற் பெறப்படும்.

இந்நிலை எவ்வாறு நேர்ந்தது? விடை ஒரு பொறியின் வரலாற்றில் அடங்கியிருக்கிறது. குளிர்நாட்டார் அதனை வெப்ப ஏற்றி என்கின்றனர். வெப்பநாட்டார் குளிர்சாதனம் என்கின்றனர். பெயர் இரண்டாயினும் பொறி ஒன்றே. அது பிறந்த வகையையும், இரண்டாகப் பிரிந்த வகையையும், மீண்டும் ஒன்றாகக் கூடிய வகையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏற்றமும் வெப்பமும்

வெப்பத்தைப் பற்றி நாம் அன்றாடம் கண்டறிந்த வழி எரித்தல். விறகை எரித்தால் வெப்பம். எண்ணெயை எரித்தால் வெப்பம். மின்கம்பியில் மின்சாரத்தைச் செலுத்தினாலும் கம்பி கனன்று வெப்பம் தரும். இவ்வழியில் ஓர் அலகு மின்சாரம் கொடுத்தால் ஓர் அலகு வெப்பமே கிடைக்கும். அதற்கு மேல் அணுவளவும் கிடையாது. குளியலறையிலுள்ள சூடேற்றி இவ்வகையைச் சார்ந்தது.

மற்றொரு வழியும் உண்டு. அதனை விளக்கத் தமிழ்நாட்டு வயற்புறத்து ஏற்றம் ஒன்றே போதும். கிணற்றில் நீர் கிடக்கிறது. வயலில் நீர் வேண்டும். ஏற்றக்காரர் நீரை உண்டாக்குவதில்லை. தாழ இருக்கும் நீரை மேலே ஏற்றுகிறார். அவர் கூலி பெறுவது ஏற்றிய உழைப்புக்கேயன்றி நீருக்கன்று. கிணறு ஆழமாயின் உழைப்பு மிகும். நீர்மட்டம் உயர்ந்து நின்றால் அதே உழைப்பில் பல சால் கூடுதலாக இறைக்கலாம்.

வெப்பமும் நீர் போலவே மேட்டிலிருந்து பள்ளத்திற்கு ஓடும் இயல்புடையது. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குத் தானே செல்லும். அதனை எதிர்த்திசையில் செலுத்த வேண்டுமாயின் ஓர் ஏற்றம் வேண்டும். குளிர்சாதனமும் வெப்ப ஏற்றியும் அத்தகைய ஏற்றங்களே. சால் இருக்கும் இடத்தில், எளிதில் ஆவியாகும் ஒரு நீர்மம் இருக்கிறது. தாழ்ந்த அழுத்தத்தில் அது ஆவியாகும்போது சுற்றுப்புறத்து வெப்பத்தை ஈர்த்துக்கொள்கிறது. அழுத்தி என்னும் உறுப்பு அவ்வாவியை நெருக்குகிறது. நெருக்கப்பட்ட ஆவி சூடேறி, மற்றோரிடத்தில் தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் நீர்மமாகிறது. பின்னர் ஒரு நுண்துளை வழியே அழுத்தம் குறைந்து, பழைய இடத்திற்கே திரும்புகிறது. சால் இறங்குவதும் ஏறுவதும் போல இச்சுழற்சி ஓயாது நிகழும்.

மின்சாரம் இங்கே ஏற்றக்காரரின் கூலி மட்டுமே. ஆகவே, ஓர் அலகு மின்சாரம் கொடுத்து மூன்று அல்லது நான்கு அலகு வெப்பத்தை ஓரிடத்திலிருந்து பெயர்த்து மற்றோரிடத்தில் சேர்க்க இயலும். ஒன்றுக்கு மூன்றா என வியப்பவர் ஏற்றத்தை நினைத்துக்கொண்டால் ஐயம் தீரும். இங்கு இல்லாத வெப்பம் எதுவும் உண்டாக்கப்படவில்லை.

பனிக்கட்டியைத் தேடிய காலம்

இப்பொறி தோன்றுவதற்கு முன்னர், வெப்பநாடுகளில் குளிர்ச்சி என்பது கப்பலேறி வந்த சரக்காக இருந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த பிரெடரிக் டியூடர் என்னும் வணிகர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டியெடுத்து, மரத்தூளில் பொதிந்து, கடல் கடந்து அனுப்பினார். 1833ஆம் ஆண்டில் அவருடைய பனிக்கட்டி கல்கத்தாவை அடைந்தது. 1842ஆம் ஆண்டளவில் சென்னைக் கடற்கரையில் பனிக்கட்டியைச் சேமித்து வைக்க ஒரு கட்டடம் எழுந்தது. மக்கள் அதனை ஐஸ் ஹவுஸ் என்றனர். அப்பகுதியும் அப்பெயராலேயே வழங்கலாயிற்று. 1897ஆம் ஆண்டில் விவேகானந்தர் தங்கிய இடம் அதுவே. இன்று அது விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது.

சிங்கப்பூரும் இதற்கு விலக்கன்று. வாம்போ என்று அழைக்கப்பட்ட ஹூ ஆ கேய் என்னும் சீனப் பெருவணிகர், 1854ஆம் ஆண்டில் கில்பர்ட் ஆங்கஸ் என்பவருடன் இணைந்து சிங்கப்பூர் ஆற்றங்கரையருகே ஒரு பனிக்கட்டி இல்லத்தை நிறுவினார். பாதி உலகைச் சுற்றி வந்த சரக்கு, வழியிலேயே உருகிக் குறையும் சரக்கு, விலையோ மிகுதி, வாங்குவோரோ சிலர். அம்முயற்சி விரைவில் கைவிடப்பட்டது. குளிர்ச்சியை எட்டாத் தொலைவிலிருந்து கொண்டுவருவதைக் காட்டிலும், இருக்கும் இடத்திலிருந்து வெப்பத்தை அகற்றுவதே அறிவுடைமை என்பதை அத்தோல்வி உணர்த்தியது எனலாம்.

அறிவுலகம் அதற்கு முன்பே அவ்வழியில் அடியெடுத்து வைத்திருந்தது. 1834ஆம் ஆண்டில் ஜேக்கப் பெர்க்கின்சு என்பவர் லண்டனில், ஈதரை ஆவியாக்கி அழுத்தி மீண்டும் நீர்மமாக்கும் சுழற்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் புளோரிடாவில் மருத்துவராக இருந்த ஜான் கோரி, காய்ச்சலால் வருந்திய நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க விரும்பி ஒரு பனிக்கட்டிப் பொறியை அமைத்து, 1851ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் செய்தித்தாள் நடத்திய ஜேம்சு ஹாரிசன், அச்செழுத்துகளை ஈதரால் துடைக்கும்போது உலோகம் குளிர்வதைக் கண்டே தம் பொறிக்கு வழி கண்டார் என்பர். இவர்களுள் ஒருவர் பொறியாளர், ஒருவர் மருத்துவர், ஒருவர் இதழாளர் என்பது எண்ணத் தக்கது. தேவையும் கூர்ந்த நோக்கும் ஒரு தொழிலார்க்கே உரியவை அல்ல.

இருமுகம் கண்ட கெல்வின்

குளிர்விக்கும் பொறியே வெப்பமூட்டும் பொறியும் ஆகும் என்பதைத் தெளிவாகக் கண்டவர் வில்லியம் தாம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்றவர். அவருக்கு முன், 1824ஆம் ஆண்டில், சாடி கார்னோ என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் நீராவிப் பொறியின் ஆற்றலை ஆராய்ந்து, வெப்பம் உயர்ந்த நிலையிலிருந்து தாழ்ந்த நிலைக்கு இறங்கும்போதே உழைப்பு பிறக்கிறது எனக் காட்டியிருந்தார். நீர் வீழும்போது ஆலைச்சக்கரம் சுழல்வது போல என்பது அவர் தம் கருத்து. அவ்வாறாயின், உழைப்பைக் கொடுத்தால் வெப்பத்தை மேலேற்றலாம் என்பதும் உடன் பெறப்படுமன்றோ?

இங்கு வெப்பநாட்டவர்க்கு உவப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தின் வானியலறிஞர் பியாசி ஸ்மித், வெப்பமண்டல நாடுகளில் அறைக்காற்றைக் குளிர்விக்கும் முறை ஒன்றை ஏறத்தாழ 1850ஆம் ஆண்டில் முன்மொழிந்தார். அவ்வாராய்ச்சி நிகழ்ந்த சூழலிலேதான் கெல்வின், 1852ஆம் ஆண்டில், காற்றோட்டத்தின் வழியாகக் கட்டடங்களைச் சூடாக்குதலும் குளிர்வித்தலும் பற்றிய தம் கட்டுரையைக் கிளாஸ்கோ மெய்யியற் கழகத்தின்முன் வைத்தார். நிலக்கரியை அடுப்பிலிட்டு எரித்துப் பெறும் வெப்பத்தினும், அதே நிலக்கரியால் ஒரு பொறியை இயக்கி வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் ஏற்றினால் பன்மடங்கு மிகுதியான வெப்பம் பெறலாம் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். குளிர்நாட்டு வீட்டைச் சூடாக்கும் எண்ணமும் வெப்பநாட்டு அறையைக் குளிர்விக்கும் எண்ணமும் ஒரு கருவில் தோன்றிய இரட்டைப் பிள்ளைகள் என்பது இதனால் விளங்கும்.

எண்ணம் தோன்றிய அளவில் செயல் தோன்றவில்லை. நிலக்கரி மலிவாகக் கிடைத்த காலம் அது. சிக்கனம் எவருக்கும் தேவைப்படவில்லை. ஆஸ்திரியாவில் பீட்டர் ரிட்டிங்கர் என்பவர் 1856–57ஆம் ஆண்டுகளில் எபன்சே என்னும் ஊரின் உப்பு ஆலையில், உப்புநீரிலிருந்து எழுந்த ஆவியை அழுத்தி, அவ்வாவியின் வெப்பத்தாலேயே மேலும் உப்புநீரைக் காய்ச்சும் அமைப்பை ஏற்படுத்தினார். வீணாகும் வெப்பத்தை மீட்டு ஏற்றிய முதன்மையான முயற்சி என வரலாற்றாசிரியர் இதனைக் குறிப்பர். ஆயினும் வீடுகள் விறகையும் கரியையுமே நம்பியிருந்தன.

ஆற்றிலிருந்து வந்த வெப்பம்

பொறியின் குளிர்முகம் முந்திக்கொண்டது. பனிக்கட்டி ஆலைகள் பெருகின. இறைச்சியும் மீனும் பாலும் கெடாமல் கடல் கடந்தன. 1902ஆம் ஆண்டில் வில்லிசு கேரியர், நியூயார்க்கின் புருக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தின் ஈரப்பதத்தை அடக்குவதற்காக ஓர் அமைப்பை வடிவமைத்தார். தாள் சுருங்குவதும் விரிவதுமாய் வண்ணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமற் போனதே அதற்குக் காரணம். மனிதரின் வசதிக்கு முன் தாளின் வசதிக்காகப் பிறந்தது நவீனக் குளிர்சாதனம்.

வெப்பமுகம் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு காத்திருந்தது. 1920களின் பிற்பகுதியில் ஹால்டேன் என்னும் பொறியாளர், ஸ்காட்லாந்தில் தம் இல்லத்தில் ஒரு வெப்ப ஏற்றியை அமைத்துச் சோதித்து, 1930இல் அதன் பயனை வெளியிட்டார். 1938ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரம், தன் பழைய நகரமன்றக் கட்டடத்தைச் சூடாக்க லிம்மாட் ஆற்று நீரின் வெப்பத்தை ஏற்றத் தொடங்கியது. பனிக்காலத்து ஆற்று நீர் கையை வைத்தால் விறைக்கும் குளிருடையது. அதனுள்ளும் வெப்பம் உண்டு என்பதும், அதனை இறைத்தெடுக்கலாம் என்பதும் கண்கூடாயின. தன் மண்ணில் போதிய நிலக்கரி இல்லாத நாடு அது. மலையருவிகளோ மின்சாரம் தந்தன. இரண்டாம் உலகப் போரில் கரியின் வரத்து சுருங்கியபோது அந்நகரில் மேலும் சில வெப்ப ஏற்றிகள் நிறுவப்பட்டன.

1945ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாரிச் நகரில் ஜான் சம்னர் என்பவரும் ஆற்று நீரைக் கொண்டு ஓர் அலுவலகக் கட்டடத்தைச் சூடாக்கினார். போர்க்காலத் தட்டுப்பாட்டில் பழைய உறுப்புகளைத் திரட்டி அமைத்த பொறி அது. எனினும் செலுத்திய மின்சாரத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் வெப்பம் தந்தது. அதன் பிறகும் எண்ணெய் மலிந்திருந்த ஆண்டுகளில் உலகம் இதனை மறந்தது. 1973ஆம் ஆண்டில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்ந்தபோது மீண்டும் நினைத்தது. எரிபொருள் மலியும்போது மறப்பதும், அருகும்போது நினைப்பதும் இப்பொறியின் வரலாறு முழுவதிலும் காணப்படும் போக்காகும்.

இன்று நார்வே நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் வெப்ப ஏற்றி உண்டு. அந்நாட்டிலும் சுவிட்சர்லாந்திலும் குடியேறி வாழும் ஈழத்தமிழர் பலரின் இல்லங்களைப் பனிக்காலத்தில் இதமாக வைத்திருப்பதும், மார்சிலிங்கில் வாழும் தமிழரின் படுக்கையறையைக் குளிர்விப்பதும் ஒரே வகைப் பொறி. ஒன்றில் வெளிப்பெட்டி வெப்பத்தை உள்ளிழுக்கிறது. மற்றொன்றில் வெளியே கொட்டுகிறது. திசை மட்டுமே வேறு.

சிங்கப்பூரில் குளிர்முகம்

சிங்கப்பூர் ஆண்டு முழுவதும் வெம்மையும் ஈரமும் ஒருங்கே உடையது. வீட்டைச் சூடாக்க வேண்டிய நாள் ஆண்டில் ஒன்றேனும் இல்லை. ஆகவே, பொறியின் குளிர்முகம் மட்டுமே இங்கு வந்து சேர்ந்தது. 1903ஆம் ஆண்டில் தோன்றிய கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனம் உறைந்த இறைச்சியை இறக்குமதி செய்தது. 1939ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கேத்தே திரையரங்கு குளிரூட்டப்பெற்ற அரங்காக விளங்கியது. படத்தைப் போலவே அதன் குளுமையும் மக்களை ஈர்த்தது. எளிய மக்களுக்கோ தெருவோரத்தில் பனிக்கட்டியைச் சீவி உருட்டி, வண்ணப் பாகு ஊற்றித் தரும் ஐஸ் உருண்டையே குளிர்ச்சியின் எல்லையாக இருந்தது. இன்று தேக்கா சந்தையின் மீன்கடைகளில் கொட்டிக் கிடக்கும் பனிக்கட்டியும், சிராங்கூன் சாலையின் பூக்கடைகளில் மல்லிகை வாடாமற் காக்கும் குளிர்பெட்டியும் அப்பொறியின் கொடைகளே.

1960ஆம் ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. தொடக்கக் காலத்து அடுக்குமாடிகள் காற்றோட்டத்தை நம்பிக் கட்டப்பட்டவை. எதிரெதிர்ச் சன்னல்களும் நீண்ட பொது நடைபாதைகளும் காற்று ஊடுருவிச் செல்ல வழி வகுத்தன. 1970களில் எழுந்த மார்சிலிங் மாடிகளும் அக்கால மரபில் வந்தவையே. கூரையில் ஒரு மின்விசிறி சுழன்றால் குடும்பம் மன நிறைவோடு உறங்கியது.

குளிர்சாதனம் முதலில் அரசு அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் வந்தது. சிங்கப்பூரின் முதற் பிரதமர் திரு லீ குவான் இயூ, வெப்பமண்டலத்தில் நாள் முழுவதும் தெளிந்த மூளையுடன் உழைக்க வகை செய்த பொறி இது என்று பன்முறை கூறியுள்ளார். 1999ஆம் ஆண்டில், கடந்த ஆயிரமாண்டின் தலைசிறந்த கண்டுபிடிப்பு எது என்று வினவப்பட்டபோதும் அவர் குளிர்சாதனத்தையே சுட்டினார். நாட்டின் வளம் பெருகப் பெருக அப்பொறி வீடுகளிலும் புகுந்தது. 2017–18ஆம் ஆண்டுக் குடும்பச் செலவினக் கணக்கெடுப்பின்படி, ஐந்தில் ஏறத்தாழ நான்கு குடும்பங்கள் குளிர்சாதனம் உடையவை.

பெருக்கம் வந்தபின் சிக்கனம் பற்றிய கவலையும் வந்தது. 2008ஆம் ஆண்டில் குளிர்சாதனங்களும் குளிர்பதனப் பெட்டிகளும் மின்சிக்கன முத்திரையுடனேயே விற்கப்பட வேண்டும் என விதிக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டில் குறைந்த அளவுத் திறனும் இல்லாதவற்றை விற்பது தடுக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு அக்டோபர் முதல், புவியை மிகுதியாக வெப்பமாக்கும் குளிர்பொருள்களைக் கொண்ட வீட்டுச் சாதனங்களை விற்பதும் நிறுத்தப்பட்டது. 2024ஆம் ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டார் ஒவ்வொருவர்க்கும், மின்சாரத்தையும் நீரையும் சிக்கனப்படுத்தும் பொருள்களை வாங்க 300 வெள்ளி பெறுமான பற்றுச்சீட்டு வழங்கப்பட்டது. இவை அனைத்தும் பாராட்டத் தக்கவை. ஆயினும் இவற்றுள் பெரும்பாலானவை ஏற்றத்தைச் செப்பனிடும் முயற்சிகள். ஏற்றிய நீரை எங்கே கொட்டுகிறோம் என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

ஒரு கூரையின்கீழ் இரு செலவு

அவ்வினாவிற்கு விடை காணச் சிறு கணக்கு ஒன்று போதும். ஒருவர் குளிக்க 40 லிட்டர் தண்ணீர் எனக் கொள்வோம். குழாய் நீரின் வெப்பநிலை 27 பாகை செல்சியஸ். குளிக்க வேண்டியது 40 பாகை. இந்நீரைச் சூடாக்க ஏறத்தாழ 0.6 மின் அலகு வேண்டும். நால்வர் உள்ள குடும்பத்திற்கு நாளொன்றுக்கு 2.4 அலகு. சாதாரணச் சூடேற்றி அவ்வளவையும் மின்சாரமாகவே உண்ணும். மூன்று மடங்கு பயன் தரும் வெப்ப ஏற்றியோ 0.8 அலகோடு அமையும். ஓராண்டில் மீதமாவது ஏறத்தாழ 580 அலகு.

இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். அதே குடும்பம் ஓரிரவு குளிர்சாதனத்தை இயக்கி, அறையிலிருந்து 10 அலகு வெப்பத்தை அகற்றுகிறது எனக் கொள்வோம். அதற்குச் செலவாகும் மின்சாரம் ஏறத்தாழ 3 அலகு. வெளிப்பெட்டி வழியே வெளியேறுவது இரண்டும் சேர்ந்த 13 அலகு வெப்பம். அக்குடும்பம் குளிக்க வேண்டிய வெப்பம் 2.4 அலகு மட்டுமே. தேவையைப் போல் ஐந்து மடங்கை இரவெல்லாம் தெருவில் இறைத்துவிட்டு, விடியற்காலையில் எழுந்து புதிதாய் வெப்பத்தை விலைக்கு வாங்குகிறது குடும்பம்.

வாங்கும் பொருளின் தன்மையையும் நோக்க வேண்டும். சிங்கப்பூரின் மின்சாரத்தில் 95 விழுக்காட்டளவு இயற்கை எரிவாயுவை எரித்துப் பெறப்படுகிறது. அவ்வாயுவோ வெளிநாட்டிலிருந்து வருவது. மின்நிலையத்தில் எரிவாயுவின் வெப்பத்துள் ஏறத்தாழப் பாதியே மின்சாரமாக மாறுகிறது, மீதி கழிகிறது. வெப்பத்தை எரித்து மின்சாரமாக்கி, பாதியை இழந்து, அம்மின்சாரத்தை மீண்டும் வெப்பமாக்குவது, நெல்லைக் கொடுத்து அரிசி வாங்கி, அரிசியைக் கொடுத்து நெல் வாங்குவதை ஒக்கும். வெப்ப ஏற்றி அவ்விழப்பை ஈடுசெய்வதோடு மேலும் தருகிறது.

பழைய மாடிகளுக்கு மற்றொரு காரணமும் உண்டு. 1994ஆம் ஆண்டிற்கு முன் கட்டப்பட்ட பல வீடுகளின் தலைமை மின்விசை 30 ஆம்பியர் அளவினது. படிப்படியாக அதனை 40 ஆம்பியராக உயர்த்தி வருகின்றனர். 3.3 கிலோவாட் திறனுள்ள ஒரு சூடேற்றி மட்டும் ஏறத்தாழ 14 ஆம்பியரை எடுத்துக்கொள்ளும். மார்சிலிங் போன்ற பழைய பேட்டைகளில் மின்சிக்கனம் பணத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று. சுவருக்குள் ஓடும் கம்பி தாங்கும் அளவைப் பற்றியதும் ஆகும்.

சிங்கப்பூரின் வெம்மை இங்கே ஒரு வரமாக மாறுவதைக் காண்க. கிணற்று நீர்மட்டம் உயர்ந்திருந்தால் இறைப்பு எளிது என்று முன்னர்க் கூறினோம். தண்ணீரை 55 பாகைக்குச் சூடாக்க வேண்டும் என்போம். சூரிச்சின் பனிக்காலக் காற்று 0 பாகையாயின், கார்னோவின் விதிப்படி ஓர் அலகு உழைப்பால் ஏற்றத்தக்க உச்ச அளவு ஆறு அலகு. சிங்கப்பூரின் காற்று 30 பாகையாயின் அவ்வுச்ச அளவு பதின்மூன்று. உராய்வும் கசிவும் உள்ள உண்மைப் பொறிகள் அவ்வெல்லையை எட்டுவதில்லை. மூன்று, நான்கு என்னும் அளவிலேயே நிற்கின்றன. ஆயினும் எல்லையே இரு மடங்குக்கு மேல் உயர்ந்திருப்பது நம் தட்பவெப்பத்தின் கொடை.

இது வெறுங் கணக்கன்று. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஹவ்லாடர் முதலிய ஆய்வாளர்கள், வெயிலின் துணை கொண்டு இயங்கும் வெப்ப ஏற்றியால் தண்ணீரைச் சூடாக்கிச் சோதித்தனர். 2001ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, தண்ணீர் 30 முதல் 50 பாகை வரை சூடேறுகையில், ஓர் அலகு மின்சாரத்திற்கு நான்கு முதல் ஒன்பது அலகு வரை வெப்பம் கிடைத்தது. அதே 2001ஆம் ஆண்டில் ஜப்பானில், கரியமில வாயுவையே சுழல்பொருளாகக் கொண்ட வீட்டு வெந்நீர்ப் பொறிகள் விற்பனைக்கு வந்தன. நாள்தோறும் வெந்நீர்த் தொட்டியில் அமிழ்ந்து குளிக்கும் மரபுடைய அந்நாட்டில் அவை பெருகிப் பரவின.

தடைகளும் வழிகளும்

இத்துணைச் சிறப்புடைய பொறி ஏன் மார்சிலிங் மாடிகளில் பரவவில்லை என்று வினவலாம். காரணங்கள் உள்ளன, அவற்றை மறைப்பது நேர்மையாகாது.

முதலாவது, இடம். சுவரில் மாட்டும் சூடேற்றி ஒரு பாடநூல் அளவினது. வெப்ப ஏற்றிக்கோ தண்ணீர்த் தொட்டியும் வேண்டும், வெளிப்பெட்டியும் வேண்டும். மூவறை வீட்டில் ஒரு தொட்டிக்கு இடம் தேடுவது எளிதன்று. இரண்டாவது, விலை. மலிவான சூடேற்றியின் விலையைப் போல் பன்மடங்கு முதலிலேயே கொடுக்க வேண்டும். சிக்கனத்தின் பயனோ ஆண்டுகள் கழித்தே கைக்கு வரும். கையில் பணம் உள்ளவர் மேலும் மிச்சம் பிடிப்பர். இல்லாதவர் திங்கள்தோறும் மிகுதியாகக் கட்டிக்கொண்டே இருப்பர். ஏழையின் வீட்டில் மின்கட்டணம் ஏறுவது அவன் வீண்செலவு செய்வதால் அன்று. சிக்கனமான பொறியை வாங்க முதல் இல்லாமையாலேயே ஆகும். மூன்றாவது, காலம். வெப்பம் கழிவது இரவில். குளிப்பது காலையிலும் மாலையிலும். இடைப்பட்ட நேரத்தில் வெப்பத்தைக் காத்து வைக்கும் தொட்டி சற்றே இழக்கவும் செய்யும்.

இத்தடைகளைத் தனி வீடுகள் தாண்டுவது கடினம். பலர் கூடினால் தாண்டலாம். மரீனா பே வட்டாரத்தில் 2006ஆம் ஆண்டு முதல் பல கட்டடங்களுக்கு ஒரே நிலையத்திலிருந்து குளிர்நீர் குழாய் வழியே செல்கிறது. தெங்கா புதுநகரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் மாடிகளுக்கே மையக் குளிரூட்டு முறை அமைக்கப்பட்டு, 2023ஆம் ஆண்டு முதல் குடியேறியோர் பயன்படுத்தத் தொடங்கினர். குளிர்ச்சியைக் கூட்டாகப் பெற இயலுமாயின், அதன் மறுமுகமான வெப்பத்தையும் கூட்டாக மீட்க இயலும். விடுதிகள் சிலவற்றில் குளிர்சாதனம் கழிக்கும் வெப்பத்தாலேயே குளியல் நீர் காய்ச்சப்படும் வழக்கம் உலகெங்கும் உண்டு. ஒரு மாடிக்கட்டடம் பெரியதொரு விடுதியை ஒத்ததே அன்றோ?

மற்றொன்றும் கருதத் தக்கது. வெளிப்பெட்டிகள் கழிக்கும் அனல் எங்கும் மறைந்துபோவதில்லை. அது நடைபாதையிலும் முற்றத்திலும் தங்கி, அடுத்த வீட்டைச் சூடாக்குகிறது. குளிர்சாதனம் இல்லாத வீட்டார் அவ்வனலைத் தம் சன்னல் வழியே ஏற்கின்றனர். ஒருவர் இறைத்த நீர் மற்றொருவர் வாசலில் தேங்குவதை ஊர் ஒப்புவதில்லை. ஒருவர் இறைத்த வெப்பத்தையும் அவ்வாறே எண்ணிப் பார்க்கும் காலம் வந்துவிட்டது.

நிறைவுரை

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவன இவை. வெப்பத்தை ஆக்குவதினும் பெயர்ப்பது சிக்கனமானது. குளிர்சாதனமும் வெப்ப ஏற்றியும் ஒரே பொறியின் இரு முகங்கள். கெல்வின் 1852ஆம் ஆண்டிலேயே அவ்விரண்டையும் ஒரு கட்டுரையில் இணைத்து வைத்தார். குளிர்நாடுகள் ஒரு முகத்தையும் வெப்பநாடுகள் மறுமுகத்தையும் எடுத்துக்கொண்டன. இரண்டும் ஒரே கூரையின்கீழ்த் தேவைப்படும் சிங்கப்பூர் போன்ற நாடுகளிலேதான் அவை மீண்டும் கூடுவதற்குரிய வாய்ப்பு மிகுதி.

இவ்வறிவு பொறியியல் மாணவர்க்கு மட்டும் உரியதாக இருத்தல் கூடாது. வெப்பம் என்றால் என்ன என்று வினவும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கும் ஏற்றத்தைக் காட்டி இதனை விளக்கலாம். ஏற்றத்தையே காணாத நகர்ப்புறப் பிள்ளைகளாயின், படம் வரைந்து காட்டுவது தமிழாசிரியர் கடன். அதனால் ஒரு பழைய சொல் பிழைக்கும், ஒரு புதிய அறிவும் வேரூன்றும். தாய்மொழியில் தெளிந்த கருத்து வீட்டிற்குச் செல்லும். பிள்ளையின் வாய்வழியே தாத்தா பாட்டியரின் செவியையும் எட்டும்.

அன்று ஏற்றக்காரர் இறைத்த நீர் வாய்க்காலில் வழிந்து வீணாகாதபடி, மடை திறந்து மடை அடைக்க ஒருவர் வயலில் நின்றார். இறைப்பவர் ஒருவர், பாய்ச்சுபவர் ஒருவர். இருவரும் சேர்ந்தே பயிரை விளைவித்தனர். மார்சிலிங் மாடிகளில் இன்று இறைப்பு ஓயாமல் நடைபெறுகிறது. பாய்ச்சுபவர்தாம் இன்னும் வந்து சேரவில்லை. இன்று வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் அவர் இருத்தல் கூடும்.